மழை பெய்தால்தான் கணக்கெடுப்பு: மலைச் சாலமாண்டர்களும் பருவநிலை மாற்றமும்

அமெரிக்காவின் கிரேட் ஸ்மோக்கி மலைகளில், வறண்ட கோடைப் பகலொன்றில் காட்டுச் சரிவில் நடந்தால், பல்லி போன்ற உருவமும் ஈரத் தோலும் கொண்ட சாலமாண்டர் ஒன்றுகூடக் கண்ணில் படாமல் போகலாம். அதே வாரத்தில் நல்ல மழை பெய்த இரவில், அதே சரிவுக்கு நெற்றி விளக்கோடு போனால் கால் வைக்கவே யோசிக்க வேண்டியிருக்கும். இலைச்சருகின் மேல், பாசி படர்ந்த கட்டைகளின் மேல், சில சமயம் செடித்தண்டில்கூட ஏறி நின்று பூச்சிக்காகக் காத்திருக்கும். பகலுக்கும் இரவுக்கும் நடுவில் மலையில் ஒரு சாலமாண்டர்கூடக் கூடவில்லை, குறையவும் இல்லை. மாறியது எத்தனை மேலே வந்தன என்பது மட்டும்தான்.

பருவநிலை மாற்றம் இந்த உயிர்களை என்ன செய்கிறது என்று ஆராயக் கிளம்புகிறவர்கள் முதலில் சிக்கிக்கொள்வது இங்கேதான். வெப்பமும் ஈரமும் சாலமாண்டர் பிழைப்பதைத் தீர்மானிக்கின்றன. அது நம் கண்ணில் படுவதையும் அவையே தீர்மானிக்கின்றன. பத்து வருடம் கழித்து அதே இடத்துக்குப் போய், "முன்பைவிடப் பாதிதான் கிடைத்தது" என்று ஒருவர் சொன்னால், குறைந்தது உயிர்களா, அன்றைக்கு வெளியே வந்த தலைகளா என்ற கேள்வி உடனே எழும். இந்தத் துறையில் நடக்கும் உழைப்பில் பெரும்பங்கு இந்த ஒரே கேள்விக்குப் பதில் தேடுவதில்தான் போகிறது.

பல்லி இல்லை, தவளைக்குச் சொந்தம்

பார்க்க என்னவோ பல்லி மாதிரிதான் இருக்கும். நாலு கால், நீண்ட வால், ஒடுங்கிய உடல். ஆனால் செதில் கிடையாது. தவளை, தேரை வரிசையில் வரும் இருவாழ்வி அது. உலகில் 800க்கும் மேற்பட்ட சாலமாண்டர் இனங்கள் அறியப்பட்டிருக்கின்றன. பெரும்பாலானவை வடகோளத்தின் குளிர்ந்த, ஈரமான இடங்களில் வாழ்கின்றன. இந்தியாவில் டார்ஜிலிங், சிக்கிம், வடகிழக்கு மலைகள் தவிர வேறெங்கும் இல்லை.

இந்த 800 இனங்களில் பாதிக்கும் மேற்பட்டவை ஒரே குடும்பத்தைச் சேர்ந்தவை. அந்தக் குடும்பத்துக்கு நுரையீரல் கிடையாது. பிறவியிலேயே கிடையாது. ஆக்சிஜன் முழுக்கத் தோல் வழியாகவும் வாயின் உட்புறச் சவ்வு வழியாகவும்தான் உள்ளே போக வேண்டும். தோல் ஈரமாக இருந்தால்தான் அதில் ஆக்சிஜன் கரைந்து உள்ளே இறங்கும். காற்று வறண்டிருந்தால், வெளியே காயப்போட்ட ஈரத்துணி போலத் தோலில் உள்ள நீர் போய்க்கொண்டே இருக்கும். ஆகவே இவை ஈரம் உள்ள நேரத்தில் மட்டும் வெளியே வருகின்றன. மற்ற நேரமெல்லாம் கல்லுக்கு அடியில், உளுத்த மரத்துக்குள், மண்ணின் பிளவுகளில்.

இதோடு வெப்பத்தின் கணக்கைச் சேர்த்துப் பாருங்கள். சாலமாண்டர் தன் உடல் வெப்பத்தைத் தானே உண்டாக்கிக்கொள்ளும் உயிர் இல்லை. சுற்றுப்புறம் சூடானால் உடலும் சூடாகும். உடல் சூடானால், சும்மா இருப்பதற்கே அதிக ஆற்றல் செலவாகும். அந்தச் செலவை ஈடுகட்ட அதிகம் சாப்பிட வேண்டும். சாப்பிட வெளியே வர வேண்டும். ஆனால் சூடான காற்று ஈரத்தை வேகமாக உறிஞ்சுவதால், வெளியே இருக்கக்கூடிய நேரமோ குறைந்துவிடுகிறது. செலவு கூடுகிறது, சம்பாதிக்கும் நேரம் சுருங்குகிறது. வெயிலில் சுருண்டு செத்து விழுவது போன்ற காட்சி எதுவும் இங்கே தேவையில்லை. வருடத்துக்குச் சில மணி நேரம் வேட்டை குறைந்தால் கொழுப்புச் சேமிப்பு குறையும், பெண் சாலமாண்டர் முட்டையிடுவதை ஒரு வருடம் தள்ளிப்போடும். என்னைக் கேட்டால், பருவநிலை மாற்றம் ஓர் உயிரைப் பாதிக்கும் விதத்தைப் புரிந்துகொள்ள இதைவிடத் தெளிவான எடுத்துக்காட்டு கிடைப்பது கடினம்.

ஏன் மலை?

உயரே போகப் போகக் குளிர்கிறது என்பது நமக்குத் தெரியும். தோராயமாக ஒவ்வொரு 1000 மீட்டருக்கும் 6.5 டிகிரி செல்சியஸ் குறையும். அதாவது ஒரே மலையில் அடிவாரத்திலிருந்து உச்சிவரை பல தட்பவெப்ப நிலைகள் அடுக்கடுக்காக இருக்கின்றன. குளிர்ச்சியை நம்பி வாழும் இனம், கீழே வெப்பம் கூடும்போது மேலே நகரலாம். நகர்கிறதா என்று பார்ப்பதற்கும் மலை வசதியான இடம். ஒரே இடத்தில் பல ஆண்டுகள் காத்திருந்து பார்க்க வேண்டிய வெப்ப வேறுபாடு, ஒரு சரிவில் சில மணி நேர நடையிலேயே கிடைத்துவிடுகிறது.

சிக்கல் என்னவென்றால், மலை மேலே போகப் போகக் குறுகும். பரப்பு குறையும், ஒரு கட்டத்தில் முடிந்தும் விடும். உச்சியில் இருக்கும் இனத்துக்கு அதற்கு மேல் இடம் இல்லை. பக்கத்து மலைக்குப் போகலாம் என்றால் நடுவில் சூடான பள்ளத்தாக்கைக் கடக்க வேண்டும். வாழ்நாள் முழுவதையும் சில சதுர மீட்டருக்குள்ளேயே கழிக்கும் உயிருக்கு அது நடக்கிற காரியம் இல்லை.

இப்படி மலைக்கு மலை பிரிந்து கிடந்ததால்தான் கிழக்கு அமெரிக்காவின் அப்பலாச்சியன் மலைத்தொடரின் தென்பகுதியில் இத்தனை இனங்கள் உருவாகியிருக்கின்றன. கிரேட் ஸ்மோக்கி மலைகள் தேசியப் பூங்காவில் மட்டும் சுமார் 30 சாலமாண்டர் இனங்கள் உண்டு. அங்கே உள்ள உயரமான சிகரம் 2,025 மீட்டர் கொண்ட குவோஹி. 2024 வரை கிளிங்மன்ஸ் டோம் என்று அழைக்கப்பட்டது. அந்த மலைகளின் மேற்பகுதியில் கருத்த உடலும் செக்கச் சிவந்த கன்னமுமாக ஒரு சாலமாண்டர் இருக்கிறது. பிளெத்தடான் ஜோர்டானி என்பது அதன் அறிவியல் பெயர். ஸ்மோக்கி மலைகளைத் தவிர உலகில் வேறெங்கும் அது கிடையாது.

இத்தனை சின்ன உயிருக்கு ஏன் இவ்வளவு அக்கறை என்று கேட்பவர்களுக்கு ஒரு பழைய கணக்கைச் சொல்லலாம். நியூ ஹாம்ப்ஷயர் மாநிலத்தின் ஹப்பர்ட் புரூக் காட்டில் 1970களில் சாலமாண்டர்கள் அனைத்தின் மொத்த எடையையும் மதிப்பிட்டார்கள். இனப்பெருக்கக் காலத்தின் உச்சத்தில் அந்தக் காட்டில் இருக்கும் பறவைகள் எல்லாவற்றின் எடையையும்போல இரண்டு மடங்கு வந்தது. எலி, அணில் போன்ற சிறு பாலூட்டிகளின் மொத்த எடைக்கு ஏறக்குறையச் சமம். காடு நிறையக் கேட்கும் பறவைச் சத்தத்தைவிட, சத்தமே போடாத இந்தக் கூட்டம் கனமானது. இலைச்சருகில் வாழும் பூச்சிகளைத் தின்று, தாங்கள் பாம்புக்கும் பறவைக்கும் இரையாவதன் மூலம் மண்ணில் கிடக்கும் ஆற்றலை மேலே கொண்டுபோகிறவை இவைதான்.

எண்ணாமல் எண்ணுவது

சரி, எப்படிக் கணக்கெடுக்கிறார்கள்?

எளிய வழி, மழை இரவில் நடந்து எண்ணுவது. அடுத்தது, காட்டுத் தரையில் ஒரே அளவுள்ள மரப்பலகைகளை வரிசையாகப் போட்டுவைப்பது. பலகைக்கு அடியில் ஈரம் தங்கும். சாலமாண்டர் அதைக் கல் என்று நினைத்து வந்து ஒதுங்கும். குறிப்பிட்ட நாட்களில் போய்ப் பலகையைத் தூக்கிப் பார்த்துக் குறித்துக்கொள்வார்கள். இயற்கையாகக் கிடக்கும் கற்களையும் கட்டைகளையும் ஒவ்வொரு தடவையும் புரட்டினால் அடியில் உள்ள ஈரப்பதம் கெட்டு, ஆய்வே அந்த இடத்தைப் பாழாக்கிவிடும். பலகையில் அந்தத் தொல்லை குறைவு. எல்லா இடத்திலும் ஒரே அளவு பலகை என்பதால் ஓர் இடத்தை இன்னோர் இடத்தோடு ஒப்பிடவும் முடிகிறது. கிழக்கு வட அமெரிக்காவில் சிவப்பு முதுகுச் சாலமாண்டருக்காக 2013-ல் தொடங்கிய ஸ்பார்க்நெட் என்ற ஆய்வுக் கூட்டமைப்பு, பல மாநிலங்களில் இதே முறையைத்தான் பின்பற்றுகிறது.

ஆனால் பலகைக்கு அடியில் எட்டு இருந்தன என்பது எட்டு என்ற செய்தி மட்டுமே. மண்ணுக்குள் எத்தனை என்று அது சொல்லாது. அதற்குத்தான் அடையாளமிட்டு மறுபடி பிடிக்கும் முறை.

பிடித்த சாலமாண்டரை ஈரமான, ஒளி ஊடுருவும் சிறு பையில் போடுகிறார்கள். மூக்கு நுனியிலிருந்து மலத்துளை வரை அளக்கிறார்கள். வாலைச் சேர்ப்பதில்லை, ஏனென்றால் எதிரி பிடித்தால் வாலைக் கழற்றிவிட்டு ஓடும் பழக்கம் இவற்றில் பலவற்றுக்கு உண்டு. பாதி வாலோடு திரிபவை நிறைய. பிறகு மெல்லிய ஊசியால் காலின் அருகே, வயிற்றுப் பக்கத் தோலுக்கு அடியில், நிறமுள்ள ஒரு பிசினைத் துளியளவு செலுத்துவார்கள். உள்ளே போனதும் அது ரப்பர் போல இறுகிவிடும். புற ஊதா விளக்கில் பளிச்சென்று ஒளிரும். நாலு கால்களுக்கு அருகே நாலு இடம், மூன்று நிறம், எதுவும் போடாமல் விடுவதையும் ஒரு குறியாக வைத்துக்கொண்டால் 255 தனித்தனி அடையாளங்கள் கிடைக்கும். முன்பெல்லாம் விரல் நுனியை வெட்டி அடையாளம் வைப்பார்கள். சாலமாண்டருக்கு விரல் மறுபடி வளர்ந்துவிடும் என்பதால் நீண்டகால ஆய்வுக்கு அது அவ்வளவாக உதவவில்லை.

இதிலிருந்து மொத்த எண்ணிக்கைக்கு எப்படிப் போவது? ஒரு கற்பனைக் கணக்கு. முதல் இரவில் 40 சாலமாண்டர்களுக்கு அடையாளமிட்டு விட்டுவிடுகிறோம். சில நாள் கழித்து 50 பிடிக்கிறோம். அவற்றில் 10-ல் நம் அடையாளம் இருக்கிறது. இரண்டாவது இரவில் பிடித்ததில் ஐந்தில் ஒரு பங்கு அடையாளமுள்ளவை. அப்படியானால் நாம் அடையாளமிட்ட 40, மொத்தக் கூட்டத்திலும் ஏறக்குறைய ஐந்தில் ஒரு பங்காக இருக்க வேண்டும். மொத்தம் 200.

கணக்கு அழகாக இருக்கிறது, இல்லையா? ஆனால் இது சரியாக வர, அடையாளமிட்டவை மற்றவற்றோடு நன்றாகக் கலந்திருக்க வேண்டும், எல்லாவற்றுக்கும் அகப்படும் வாய்ப்பு சமமாக இருக்க வேண்டும். சாலமாண்டர்கள் இந்த நிபந்தனைக்கெல்லாம் கட்டுப்படுவதில்லை. ஒரு குறிப்பிட்ட இரவில் கூட்டத்தின் பெரும்பகுதி தரைக்கு அடியிலேயே இருக்கும். அன்றைக்கு அவை அகப்படும் வாய்ப்பு சுழியம். அடுத்த மழையில் வேறு சில மேலே வரும். ஸ்மோக்கி மலைகளில் நடந்த ஆய்வுகள் இதைத் தெளிவாகக் காட்டின. அதனால் ஒரே பருவத்தில் பல தடவை, ஒவ்வொரு தடவையும் அடுத்தடுத்த சில இரவுகள் என்று மாதிரி எடுத்து, "இருந்தது, மேலே வந்தது, நம் கண்ணில் பட்டது" என மூன்றையும் தனித்தனி நிகழ்தகவுகளாகப் பிரித்துக் கணக்கிடுகிறார்கள்.

இதே யோசனைதான் ஓர் இடத்தில் இனம் இருக்கிறதா இல்லையா என்று மட்டும் பார்க்கும் ஆய்வுகளிலும். 2002-ல் வெளியான ஒரு புள்ளியியல் முறை இதற்கு வழிவகுத்தது. ஓர் இடத்துக்கு ஒரே பருவத்தில் நாலைந்து தடவை போக வேண்டும். இனம் இருக்கும் இடங்களில் அது எத்தனை தடவை கண்ணில் பட்டது, எத்தனை தடவை தப்பியது என்ற விவரத்திலிருந்து, கண்ணில் படும் வாய்ப்பைக் கணக்கிடலாம். இருக்கும் இடத்தில் ஒரு தடவை போனால் பார்க்கும் வாய்ப்பு பாதிக்குப் பாதி என்று வைத்துக்கொண்டால், நாலு தடவை போயும் பார்க்காமல் தப்பும் வாய்ப்பு பதினாறில் ஒன்று. ஒரே ஒரு தடவை போய்ப் பார்த்துவிட்டு "இங்கே அழிந்துவிட்டது" என்று எழுதும் அறிக்கையை நான் நம்ப மாட்டேன். அன்றைய வெப்பநிலை, கடைசியாக மழை பெய்து எத்தனை நாள் என்ற குறிப்பு இல்லாவிட்டால் இன்னும் நம்ப மாட்டேன்.

வானிலை நிலையம் சொல்வது வேறு, கல்லுக்கு அடியில் நடப்பது வேறு

வெப்பத்தை அளப்பதிலும் ஒரு நுணுக்கம் உண்டு. வானிலை நிலையங்கள் மனித உயரத்தில், திறந்தவெளியில் அளக்கின்றன. சாலமாண்டர் வாழ்வதோ தரையிலிருந்து இரண்டு விரல் உயரத்துக்குள். அடர்ந்த மர நிழலில் இலைச்சருகுக்கு அடியில் உள்ள வெப்பம், வெட்டவெளி வெப்பத்திலிருந்து பல டிகிரி வேறுபடும். வடக்கு நோக்கிய சரிவு ஒரு மாதிரி, தெற்குச் சரிவு வேறு மாதிரி. அதனால் பொத்தான் அளவுள்ள வெப்பப் பதிவுக் கருவிகளைக் கல்லுக்கு அடியிலும் மண்ணுக்குள்ளும் வைத்து, மணிக்கொரு தடவை பதிவு செய்ய விடுகிறார்கள்.

ஈரத்துக்கு இன்னும் சுவையான வழி. கடற்பாசியிலிருந்து எடுக்கும் அகரைக் காய்ச்சி, சாலமாண்டரின் அளவிலும் வடிவிலும் வார்த்து எடுக்கிறார்கள். அகர் தடையில்லாமல் நீரை இழக்கும். அதை எடைபோட்டுக் காட்டில் வைத்து, சில மணி நேரம் கழித்து மறுபடி எடைபோட்டால், அந்த இடம் ஓர் ஈர உடம்பிலிருந்து எவ்வளவு நீரை உறிஞ்சுகிறது என்று தெரிந்துவிடும். ஆய்வுக்கூடத்தில் உண்மைச் சாலமாண்டர் இழக்கும் நீரின் அளவோடு அதை ஒப்பிட்டால், அதன் தோல் எவ்வளவு தடுத்து வைத்துக்கொள்கிறது என்பதும் தெரியும்.

கண்ணாடிக் குடுவைக்குள் இருக்கும் ஐம்பது வருடம்

பருவநிலை மாற்றம் பத்தாண்டுக் கணக்கில் நடப்பது. ஓர் ஆய்வு மாணவரின் படிப்புக் காலம் நாலைந்து வருடம். அதற்குள் போக்கைப் பிடிக்க முடியாது. மழை அதிகமான இரண்டு வருடமும் வறட்சியான இரண்டு வருடமும் சேர்ந்தாலே ஒரு பொய்ப் போக்கு தெரியும். இந்த இடத்தில் அருங்காட்சியகங்கள் கைகொடுக்கின்றன.

ரிச்சர்ட் ஹைட்டன் என்ற விலங்கியலாளர் 1957 முதல் பல பத்தாண்டுகள் அப்பலாச்சியன் மலைகளில் சாலமாண்டர்களைச் சேகரித்தார். அந்தத் தொகுப்பு ஸ்மித்சோனியன் அருங்காட்சியகத்தில் இருக்கிறது. ஓர் ஆய்வுக் குழு அதே இடங்களுக்கு மறுபடி போய் 15 இனங்களை அளந்து, பழைய மாதிரிகளோடு ஒப்பிட்டு 2014-ல் முடிவை வெளியிட்டது. 1980-க்குப் பிறகு சேகரிக்கப்பட்டவை அதற்கு முந்தையவற்றைவிடச் சராசரியாக 8 சதவீதம் சிறியவையாக இருந்தன. அதிகம் சூடாகி வறண்ட பகுதிகளில் இந்தச் சுருக்கம் அதிகம். முன்பு சொன்ன ஆற்றல் கணக்கோடு இது பொருந்துகிறது: செலவு கூடினால் வளர்ச்சிக்கு மிஞ்சுவது குறையும்.

முடிந்தது என்று எழுந்து போக முடியாது. மறுவருடமே வேறு ஆய்வாளர்கள் மாற்று விளக்கங்களை முன்வைத்தார்கள். சாலமாண்டர் வயது ஏற ஏறப் பெரிதாகும். கூட்டத்தில் வயதானவற்றின் விகிதம் குறைந்தாலே, ஒவ்வொன்றின் வளர்ச்சியும் மாறாமல் இருந்தும், சராசரி அளவு குறையும். இது குறை கண்டுபிடிக்கும் பேச்சு இல்லை. வளர்ச்சி குறைந்ததா, பெரியவை செத்தனவா என்பது இரண்டு வெவ்வேறு ஆபத்துகள். அளவுகோல் ஒன்றே என்பதால் இரண்டும் ஒரே மாதிரி தெரிகின்றன. பிரித்தறிய வேண்டுமென்றால், அடையாளமிட்ட அதே விலங்கை வருடாவருடம் அளந்துகொண்டே வர வேண்டும்.

வெப்பம்தான் குற்றவாளியா?

இதற்கு இரண்டு நிஜக் கதைகள். இரண்டும் வெவ்வேறு திசையில் இழுக்கும்.

முதலாவது நியூ ஹாம்ப்ஷயரின் மலை ஓடைகளில். அங்கே ஊற்றுச் சாலமாண்டர் என்ற இனம் இருக்கிறது. குஞ்சுப் பருவத்தில் செவுள்களோடு ஓடைக்குள்ளேயே பல வருடம் வாழும். பிறகு உருமாறி, செவுளை இழந்து முதிர்ந்த வடிவத்துக்கு வரும். 1999 முதல் அதைப் பின்தொடர்ந்த வின்சர் லோ என்ற ஆய்வாளர், 12 வருடத் தரவில் முதிர்ந்த சாலமாண்டர்கள் குறைந்துகொண்டே வருவதைக் கண்டார். குஞ்சுகளின் எண்ணிக்கை அப்படிக் குறையவில்லை. காரணம் வெப்பமாகத்தான் இருக்கும் என்று எவரும் நினைப்போம். தரவு காட்டியதோ மழையை. மழை கூடிய வருடங்களோடுதான் இந்தச் சரிவு ஒத்துப்போனது. பின்னர் 2019-ல் வெளியான ஆய்வு, நீர்வரத்து தாறுமாறாக ஏறி இறங்கும்போது உருமாற்றக் கட்டத்தில் இருப்பவை பிழைப்பது குறைகிறது என்று காட்டியது. உருமாறும் உடம்பு நீருக்கும் முழுதாகப் பழகியதாக இல்லை, நிலத்துக்கும் பழகியதாக இல்லை. அந்த நேரத்தில் வெள்ளம் வந்தால் தாங்குவதில்லை. ஈரத்தை நம்பி வாழும் உயிருக்கு மழை கூடினால் நல்லதுதானே என்ற எளிய யோசனை இங்கே சரிந்துவிடுகிறது.

இரண்டாவது கதை குவாத்தமாலாவில், மெக்சிகோ எல்லையருகே. தஹுமுல்கோ எரிமலையின் சரிவுகளில் 1970களில் டேவிட் வேக் என்ற அறிஞரும் அவரது குழுவினரும் ஏராளமான சாலமாண்டர்களைக் கண்டிருந்தார்கள். 2000களில் மறுபடி தேடியபோது ஒரு காலத்தில் சாதாரணமாகக் கிடைத்த சில இனங்கள் கண்ணிலேயே படவில்லை. 2009-ல் இது வெளியானபோது பருவநிலை மாற்றமும் சாத்தியமான காரணங்களில் ஒன்றாகப் பேசப்பட்டது. 2011-ல் இன்னோர் ஆய்வு, பழைய அருங்காட்சியக மாதிரிகளின் தோலைத் துடைத்தெடுத்துச் சோதித்தது. இருவாழ்விகளைக் கொல்லும் கைட்ரிட் பூஞ்சை தெற்கு மெக்சிகோவில் 1970களிலும், மேற்குக் குவாத்தமாலாவில் 1980-90களிலும் தலைகாட்டத் தொடங்கிய காலமும், சாலமாண்டர்கள் மறைந்த காலமும் ஒத்துப்போயின. மலையில் எண்ணிக்கை சரிந்தாலே வெப்பம் என்று எழுதுவது எவ்வளவு அவசரம் என்பதற்கு இது நல்ல பாடம். அதேசமயம் பூஞ்சையும் வெப்பநிலையைப் பொறுத்தே வளரும் என்பதால், இரண்டையும் முழுக்கப் பிரித்துவிடவும் முடியாது.

இந்தப் பூஞ்சைகளை ஆய்வாளரின் காலணியே ஒரு மலையிலிருந்து இன்னொரு மலைக்குக் கொண்டுபோகக்கூடும். அதனால்தான் ஒவ்வொரு விலங்குக்கும் கையுறை மாற்றுகிறார்கள், ஓர் இடத்தை விட்டுக் கிளம்பும் முன் காலணிகளைத் தேய்த்துக் கிருமிநீக்கி போட்டுக் கழுவுகிறார்கள்.

உலக அளவில் பார்த்தால் படம் இன்னும் தெளிவாகிறது. 2023-ல் வெளியான உலக இருவாழ்வி மதிப்பீட்டின்படி, சாலமாண்டர் இனங்களில் ஐந்தில் மூன்று அழியும் ஆபத்தில் இருக்கின்றன, தவளைகளைவிட மோசம். 2004-க்குப் பிறகு இருவாழ்விகளின் நிலை மோசமானதில் 39 சதவீதத்துக்குப் பருவநிலை மாற்றமே முதன்மைக் காரணம் என்று அதே மதிப்பீடு சொன்னது.

வரைபடம் சொல்வதும் தோல் சொல்வதும்

எதிர்காலத்தைக் கணிக்க இரண்டு வழிகள் இருக்கின்றன. முதலாவதில், ஓர் இனம் இன்று எந்தெந்த வெப்பத்திலும் மழையளவிலும் வாழ்கிறது என்று பார்த்து, 50 வருடம் கழித்து அதே நிலை எங்கே இருக்கும் என்று வரைபடத்தில் தேடுவார்கள். 2010-ல் அப்பலாச்சியன் பகுதியின் 41 நுரையீரலற்ற இனங்களுக்கு இப்படிச் செய்தபோது, பெரும்பாலானவற்றுக்கு ஏற்ற இடம் வெகுவாகச் சுருங்கும் என்று வந்தது.

இரண்டாவது வழி, உயிரின் உடலிலிருந்து தொடங்குவது. எவ்வளவு நீர் இழக்கும், எவ்வளவு ஆற்றல் செலவழிக்கும், எத்தனை மணி நேரம் வேட்டையாட முடியும் என்று அளந்து, அதைக் கணினியில் மலை முழுக்க ஓடவிடுவது. எரிக் ரிடெல் என்ற ஆய்வாளரும் அவரது சகாக்களும் இதைத்தான் செய்தார்கள். சாலமாண்டர்களைச் சில வாரம் வெப்பமான சூழலில் வைத்தபோது, அவை நீரிழப்பையும் ஆற்றல் செலவையும் ஓரளவு மாற்றிக்கொள்வதைக் கண்டார்கள். இந்தத் தகவமைப்பையும், மோசமான நேரத்தில் ஒதுங்கிக்கொள்ளும் பழக்கத்தையும் கணக்கில் சேர்த்தபோது, அழியும் ஆபத்து 72 சதவீதம் குறைந்தது. 2018-ல் இது வெளியானது. சில செய்திகள் இதை "சாலமாண்டர்கள் தப்பித்துவிடும்" என்று எடுத்துக்கொண்டன. அப்படிப் படிப்பது தப்பு. அந்தச் சலுகை பெரும்பாலும் அவை வாழும் பரப்பின் மையப் பகுதியில்தான். ஓரத்தில், வெப்பமான அடிவாரத்தில் இருப்பவற்றுக்கு அவ்வளவாக இல்லை.

கணினிக்கு வெளியேயும் ஒரு காரணி இருக்கிறது: அண்டை இனம். ஸ்மோக்கி மலைகளில் உயரே செங்கன்னச் சாலமாண்டர், கீழே அதைவிடப் பெரிய இன்னோர் இனம். நெல்சன் ஹேர்ஸ்டன் என்ற சூழலியலாளர் 1970களில் சில நிலத்துண்டுகளில் ஓர் இனத்தை மட்டும் தொடர்ந்து பிடித்து அகற்றிக்கொண்டே வந்தார். செங்கன்னத்தை அகற்றிய இடங்களில், சில ஆண்டுகள் கழித்து மற்ற இனத்தின் எண்ணிக்கை கூடியது. அதாவது அந்த இனத்தின் மேல் எல்லையை வெப்பநிலை மட்டும் நிறுத்திவைக்கவில்லை. போட்டியும் சேர்ந்தே நிறுத்திவைத்திருந்தது. வெப்பநிலையை மட்டும் வைத்து வரையும் வரைபடத்தில் இது வராது.

வர்ஜீனியாவின் ஷெனண்டோவா சாலமாண்டரிடம் இந்தச் சிக்கல்கள் அத்தனையும் ஒன்றுசேர்கின்றன. ஷெனண்டோவா தேசியப் பூங்காவில் ஹாக்ஸ்பில், ஸ்டோனி மேன், பினக்கிள்ஸ் என்ற மூன்று மலைகளின் மேற்பகுதியில் மட்டுமே அது இருக்கிறது. 1989 முதல் அமெரிக்க அரசின் அழிநிலை இனப் பட்டியலில் உள்ளது. சுற்றியுள்ள நல்ல ஈர மண்ணைச் சிவப்பு முதுகுச் சாலமாண்டர் பிடித்துவைத்திருப்பதால், இது வறண்ட பாறைச் சரிவுகளுக்குத் தள்ளப்பட்டதாக நெடுங்காலமாகக் கருதப்படுகிறது. வெப்பம் கூடினால் என்ன ஆகும்? இரண்டு இனங்களையும் பெரிய தொட்டிகளில் ஒன்றாக விட்டு, வெப்பத்தையும் ஈரத்தையும் மாற்றிப் பார்த்த சோதனை ஒன்று 2017-ல் வெளியானது. சூடான சூழலில் சிவப்பு முதுகின் நெருக்கடி குறையக்கூடும் என்று தெரிந்தது. ஆனால் அதே சூடு, ஷெனண்டோவா சாலமாண்டர் நிலைத்திருப்பதையே நேரடியாகப் பாதிக்கவும் கூடும். ஹாக்ஸ்பில்லின் உயரம் 1,234 மீட்டர். அந்தப் பூங்காவிலேயே அதுதான் உயரமான இடம், அதனால் மேலே நகர்வது என்ற வழி கிடையாது. அங்கே கணிப்பு செய்பவர்கள் பாறை இடுக்கின் வெப்பத்தையும், ஈரத்தையும், பக்கத்தில் சிவப்பு முதுகு எவ்வளவு நெருங்கியிருக்கிறது என்பதையும் சேர்த்தே அளந்தாக வேண்டும். அதையும் ஒரே இடத்துக்குத் திரும்பத் திரும்பப் போய், மழைக்குக் காத்திருந்துதான் செய்ய வேண்டும்.